மஞ்சள் கோட்டில் கேட்ட சத்தம்

எங்கள் வாகனச் சோதனை நிலையத்தில் எனக்கு வைத்த பெயர் காது. முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னால் எனக்குக் கேட்காது என்று நினைப்பு. கேட்கும். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. வாசலில் வண்டி திரும்பும்போதே அதன் சைலன்சரில் யாராவது கைவைத்திருக்கிறார்களா இல்லையா என்று சொல்லிவிடுவேன். கருவியை வைத்து அளப்பதெல்லாம் படிவத்தில் எண் எழுதுவதற்காகத்தான்.

முதலில் சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தங்கையின் கணவருக்கு இப்போது வலது முழங்கால் மடங்குவதில்லை. டைல்ஸ் ஒட்டுவது அவர் தொழில். முழங்கால் மடங்காதவர் டைல்ஸ் ஒட்டமுடியாது. காகிதப்படி தப்பு அவர்மேல் இருக்கிறது. அந்தக் காகிதத்தை எழுதியவன் நான்.

சத்தம் போடும் வண்டிகளைக் கண்டால் எனக்கு ஆகாது. இருபத்திரண்டு வருடமாக ஒரு கொட்டகைக்குள் நின்று, நாளுக்கு நாற்பது வண்டிகளின் பின்புறத்தைப் பார்த்துப் பிழைக்கிறவனுக்கு வேறென்ன வரும். கம்பெனி பொருத்திய சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் குழாயை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். கேட்டால், "வாங்கும்போதே இப்படித்தான் சார் இருந்துச்சு" என்பார்கள். எல்லா வண்டியும் வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கிறது. இந்த உலகத்தில் யாரும் எதையும் மாற்றியதே கிடையாது. சோதனை நாளுக்கு மட்டும் நல்ல சைலன்சரை இரவல் வாங்கி மாட்டி வருகிறவர்களும் உண்டு. அதே நெளிசல் விழுந்த ஒரே சைலன்சரை ஒரே மாதத்தில் மூன்று வண்டிகளில் பார்த்தேன். மூன்றாவது ஆளிடம், "இது வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று சைலன்சரைக் காட்டி விசாரித்தேன். அவர் அடுத்த வாரம் சொந்தச் சைலன்சரோடு வந்தார்.

படிவத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். எட்டு வரிகள்: ஆவணம், சத்தம், புகை, விளக்கு, டயர், ஸ்டீயரிங், பிரேக், அடிப்பாகம். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: குறை, சரி, பார்க்கவில்லை. எல்லாம் நன்றாக இருந்தால் எட்டு முறை டிக் போடும் பொறுமை எங்களில் யாருக்கும் கிடையாது. 'சரி' கட்டங்களின் வழியே மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்துவிடுவோம். பெரிய குறை ஒன்று ஆரம்பத்திலேயே தெரிந்தால் சோதனையை அங்கேயே நிறுத்தவும் விதி இடம் கொடுக்கிறது. அப்போது மீதி வரிகளுக்கு 'பார்க்கவில்லை' கட்டங்களின் வழியே அதேபோல் ஒரு கோடு. பதினான்கு நாளுக்குள் குறையைச் சரிசெய்துகொண்டு வந்தால் மறுசோதனை. அதில் குறை என்று எழுதியதையும் பார்க்காமல் விட்டதையும் பார்த்தால் போதும். 'சரி' என்றிருப்பதைத் தொடவேண்டியதில்லை.

மாப்பிள்ளை நல்ல மனிதர். இதை இப்போது சொல்லி என்ன பயன் என்று எனக்கே தோன்றுகிறது. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் தரையைப் பார்ப்பார். விரல்முட்டியால் டைல்ஸைத் தட்டி, "இதுக்கு அடியில காத்து இருக்கு மச்சான், ரெண்டு வருசத்துல கிளம்பிடும்" என்பார். கிளம்பிவிடும். அவருக்கும் ஒரு காது இருந்தது. சாமான் ஏற்றுவதற்காகப் பழைய வேன் ஒன்றை வாங்கினார். அதற்கு முந்தைய உரிமையாளர் வெறும் குழாயைப் போட்டு வைத்திருந்தார். நியாயமாக, வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். ஆனால் அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்துப்போனது. நாள் முழுக்க மண்டியிட்டே வேலை செய்கிறவருக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி வீட்டுக்கு வருவதில் ஒரு சந்தோஷம். நான் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். "சோதனைக்கு முன்னாடி மாத்திடறேன் மச்சான்" என்றார்.

மாற்றவில்லை. அப்படியே வந்து என் வரிசையில் நின்றார்.

சொந்தக்காரர் வண்டியை அடுத்த வரிசைக்கு அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம். அன்று அடுத்த வரிசைக்காரர் விடுப்பு. நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொந்தம் என்பதற்காக நான் விட்டுக்கொடுக்கிறேனா இல்லையா என்று மற்றவர்கள் பார்க்கட்டும் என்று ஒரு திமிர்.

குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளிக் கருவியை நிறுத்திவிட்டு, "மிதிங்க மாப்பிள்ளை" என்றேன். வண்டி தொண்டை கட்டியவர் பேசுவதுபோல் உறுமியது. எனக்குச் சந்தேகம் வந்தது.

"இன்னும் மிதிங்க. நான் கை காட்டற வரைக்கும் விடாதீங்க."

டப் என்று ஒரு சத்தம். குழாய்க்குள்ளிருந்து கறுப்பாக ஏதோ பறந்து வந்து என் முழங்காலில் மோதிக் காலடியில் விழுந்தது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். நாலைந்தைச் சேர்த்து உருண்டையாகச் சுருட்டியிருந்தது. அடைப்பு போனதும் வண்டி தன் சொந்தக் குரலில் கத்த ஆரம்பித்தது. எங்களுக்கு அனுமதித்த அளவு தொண்ணூற்றாறு டெசிபல். கருவி நூற்றெட்டு காட்டியது.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு லாரிக்காரர், "காதுக்கே பஞ்சு வச்சுட்டாங்கப்பா" என்றார். அந்தப் பெயர் லாரிக்காரர்கள்வரை போயிருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் உதவியாளர்கூடத் திரும்பி நின்று தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு இறங்கி வந்தார். "உங்க தங்கச்சிதான் சொன்னா மச்சான், நார் வச்சா சத்தம் கம்மியாகும்னு."

"ஓட்டுநர் வண்டிய விட்டுத் தள்ளி நிக்கணும்" என்றேன்.

ஒன்பது வருடத்தில் அவரை மாப்பிள்ளை என்றல்லாமல் வேறெப்படியும் நான் கூப்பிட்டதில்லை. இருபது பேர் முன்னால் ஓட்டுநர் ஆக்கிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. இருந்தாலும் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சத்தம் தப்புதான், மாத்திடறேன். மத்ததெல்லாம் இன்னைக்கே பாத்துருங்க மச்சான். பிரேக்கு அது இது எல்லாம். குறை இருந்தா சேத்தே செஞ்சுடறேன். வேலைய விட்டுட்டு வந்திருக்கேன்."

"முதல்ல மனுசன் காது தாங்கற மாதிரி வண்டியக் கொண்டு வாங்க. மத்தத அப்புறம் பாக்கலாம்."

படிவத்தை வண்டியின் கூரைமேல் வைத்து, சத்தத்துக்கு எதிரே குறை என்று குறித்தேன். மீதி ஆறு வரிக்கும் 'பார்க்கவில்லை' என்று ஒரு கோடு இழுத்தேன். கோபத்தில் இழுத்த கோடு. நேராக வரவில்லை, சாய்ந்துவிட்டது. அதை நான் அன்று கவனிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் மதியம் ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மறுபடியும் வந்தார். வண்டி வாசலில் திரும்பியது எனக்குத் தெரியவே இல்லை. புதுச் சைலன்சர், அதில் கம்பெனி முத்திரை பளிச்சென்று இருந்தது. மெதுவாக வந்து, முன்சக்கரம் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தொட நிறுத்தினார். நிறுத்தும்போது வலது முன்சக்கரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிமெண்டுத் தரையில் கல்லை இழுத்ததுபோல் ஒரு சின்னக் கர். அரை நொடிகூட இருக்காது.

எனக்குக் கேட்டது.

அதே நேரத்தில் அவர் கண்ணாடியை இறக்கினார். "மச்சான், இன்னும் கோவமா?" என்றார். மடியில் இருந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்து நீட்டினார். "உங்க தங்கச்சி குடுத்துவிட்டா. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னா."

பன்னிரண்டு நாளாக என் மனதில் முள்ளாகக் கிடந்தது அந்த ஓட்டுநர் என்ற சொல். அவர் அதை எடுத்துப் போட்டுவிட்டார். அந்த நிம்மதியில் கர் என்ற சத்தத்துக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அவர் வண்டி முழுக்க டைல்ஸ் துண்டும் மணலும்தானே, சக்கரத்தில் ஏதாவது சிக்கியிருக்கும். வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் குனிந்து பார்த்திருப்பேன்.

சத்தம் எண்பத்திரண்டு. எனக்கு ஏதோ நானே அந்தச் சைலன்சரைச் செய்ததுபோல் சந்தோஷம். "நேத்து வாசல்ல வந்து நிக்கறேன் மச்சான், உங்க தங்கச்சி கதவே திறக்கல. நான் வந்ததே தெரியலயாம்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். "நீங்க கவுண்டர்ல பேப்பரக் குடுத்துட்டு உக்காருங்க, நான் முடிச்சுக் கொண்டு வரேன்" என்று அனுப்பினேன்.

படிவத்தை எடுத்தேன். சாய்ந்த கோடு மேலே 'பார்க்கவில்லை'யில் ஆரம்பித்து, வரி வரியாக இறங்கி, ஸ்டீயரிங்கில் 'சரி'க்குள் நுழைந்து, பிரேக்கையும் அடிப்பாகத்தையும் 'சரி'யிலேயே கடந்து முடிந்தது. புகையும் விளக்கும் பார்க்கவில்லை, பிரேக் சரி. அப்படித்தான் இருந்தது, என் கையால். நான் பிரேக்கைப் பார்க்கவில்லை என்பது நினைவில் இருந்ததா என்று கேட்டால், நேர்மையாகச் சொல்கிறேன், யோசித்திருந்தால் நினைவு வந்திருக்கும். யோசிக்கவில்லை. பிரேக் சோதிக்கும் உருளைகள் பத்தடி தூரத்தில் இருந்தன. வண்டியை ஏற்றி நிறுத்தினால் மூன்று நிமிட வேலை. ஒரு மணி அடிக்கப்போகிறது. டப்பா கையில் சூடாக இருந்தது. புகையையும் விளக்கையும் டயரையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பத்தடியை நான் அதற்குப் பிறகு எத்தனை முறை மனதில் நடந்திருப்பேன் என்று கணக்கில்லை.

கையெழுத்துப் போட்டதிலிருந்து பத்தொன்பதாம் நாள், காலை வேலைக்கு டைல்ஸ் ஏற்றிக்கொண்டு போகும்போது, இறக்கமான ஒரு தெருவில் பிரேக் பிடிக்கவில்லை. கட்டை தேய்ந்து, இரும்போடு இரும்பு உரசி, பிரேக் ஆயில் முழுக்கக் கசிந்துபோயிருந்தது. கீழே தெரு முனையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர் வண்டியை ஒரு சுவரின் பக்கம் திருப்பினார். வண்டி நின்றது. பின்னால் இருந்த பெட்டிகள் நிற்கவில்லை. இருக்கையை நெரித்துக்கொண்டு வந்து அவர் முழங்காலை நசுக்கிவிட்டன.

எங்கள் மேலதிகாரியம்மா என்னைக் கூப்பிட்டு, படிவத்தை மேசைமேல் திருப்பி வைத்தார். கோட்டின்மேல் விரலை வைத்தார்.

"பிரேக் சரின்னு இருக்கு. நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய்யல்ல. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆனால் சொன்ன பிறகு திருத்திக்கொள்ள எனக்கு முழுசாக மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் நான் வேலைக்குப் போனேன், வண்டிகளைச் சோதித்தேன், இரண்டு பேரிடம் சட்டம் பேசினேன். என்னை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

சோதனையில் பிரேக் நன்றாக இருந்தது என்றால், மிச்சம் இருக்கும் காரணம் ஓட்டியவர்தான். அளவுக்கு மீறிய பாரம், அளவுக்கு மீறிய வேகம். உரிமத்தை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று மாப்பிள்ளைக்கு நோட்டீஸ் போனது. காலில் இரும்புக் கம்பியோடு படுத்திருந்தவர், பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "ரெண்டு பெட்டி கூடுதலா ஏத்திட்டேன், என் தப்புதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சொல்லும்போது நான் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைப்பதும் போர்வையை இழுத்து விடுவதுமாக இருப்பேன்.

விசாரணைக்கு முந்தின நாள் ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதல் நாள் பிரேக் பார்க்கவில்லை என்பது, கோடு சாய்ந்தது, மறுசோதனையில் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டது, மேலதிகாரியிடம் பொய் சொன்னது, எல்லாம் எழுதினேன். அதை அலுவலகத்தில் கொடுப்பதற்கு முன்னால் அவர்களிடம் படித்துக் காட்டவேண்டும் என்று தோன்றியது. சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனேன்.

அந்த வீட்டுத் தரை மாப்பிள்ளை தன் கையால் போட்டது. ஒரு இடத்திலும் இடைவெளி கூடக் குறைய இருக்காது. அவர் முழங்காலில் கட்டும் ரப்பர் பட்டைகள் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி ஒரு பெயிண்ட் டப்பாமேல் வைத்திருந்தார். தங்கை சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றாள். நான் உட்காராமலே படித்தேன்.

கடைசி வரிவரை படித்து முடித்தேன்.

"இதக் குடுத்தா உங்க வேலை?" என்றார் மாப்பிள்ளை.

"போகும்."

"குடுக்காதீங்க மச்சான். ஒரு குடும்பத்துல ரெண்டு பேரு உக்காந்திருக்க வேணாம்."

அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. பிரேக் அடிச்சா முன்னாடி கர்ருன்னு ஒரு சத்தம் வரும். சைலன்சர் மாட்டின மெக்கானிக்கூடச் சொன்னாரு, சக்கரத்தக் கழட்டிப் பாத்துடலாமான்னு. முன்னாடி அந்தப் பழைய குழாய் சத்தத்துல எதுவும் கேக்காது. புதுசு மாட்டினப்புறம்தான் எனக்கும் கேட்டுச்சு. நான்தான் அவர்கிட்ட வேணாம்னேன். நாளைக்கு என் மச்சான் பாப்பாரு, குறை இருந்தா எழுதிக் குடுப்பாரு, அப்புறம் செஞ்சுக்கலாம்னு சொல்லிட்டேன்." நிறுத்தி மூச்சுவிட்டார். "நீங்க எதுவும் எழுதல. சத்தம் அப்புறமும் வந்துச்சு. இவகூடத் தினம் கேட்டா. மச்சானே பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்காரு, நீ என்ன அவருக்கு மேலயான்னு அவளத் திட்டினேன்."

நான் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தேன். ஒன்றரைப் பக்கத்தில் அந்தச் சத்தம் மட்டும் இல்லை. மறந்துபோய் விட்டதல்ல. கோடு சாய்ந்தது கைத்தவறு, யாருக்கும் நடக்கும். அதற்குள் நான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

தங்கை ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள் நான்கு தெரு தள்ளி வரும்போதே நான் சொல்லிவிடுவேன். அவள் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படிப்பதுபோல் நடிப்பாள். என் காதை நம்பிப் பிழைத்த முதல் ஆள் அவள்தான்.

"மறுபடி சோதனைக்கு வந்தன்னைக்கு, அந்தச் சத்தம் உனக்குக் கேக்கலயாண்ணா?" என்றாள்.

அவள் குரலில் கோபமே இல்லை. கேட்கவில்லை என்று நான் சொல்லவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது எனக்குத் தெரிந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அண்ணனுக்கு வயசாகிவிட்டது, காது மந்தமாகிவிட்டது என்று ஊருக்கே சொல்லி என்னைக் காப்பாற்றியிருப்பாள்.

"கேட்டுச்சு" என்றேன்.

மாப்பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கடிதத்தைக் கொடுக்காதீர்கள் என்று மறுபடி சொல்லவில்லை.

தங்கை மேசையிலிருந்து பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"அதையும் எழுதுங்க" என்றாள்.

பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் ஒரு நாளும் அப்படி மரியாதை வைத்துப் பேசியதில்லை. கடிதத்தின் அடியில் இடம் இருந்தது. பிரேக் பிடிக்கும்போது சத்தம் வந்தது, எனக்குக் கேட்டது, நான் குனிந்து பார்க்கவில்லை என்று எழுதினேன். அவள் பக்கத்தில் நின்று, எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.